தங்க நிறப் பெட்டிக்குள் ஒரு மின்கலம்

பழைய தபால்தலைகளைச் சேகரிப்பவர்களை நீங்கள் அறிவீர்கள். பழைய வீடியோ விளையாட்டுகளைச் சேகரிப்போரும் உண்டு. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' என்னும் விளையாட்டை 1986-இல் காந்தத் தகட்டில் வெளியிட்டது. 1987-இல் அமெரிக்காவில் அது தங்க நிறக் காட்ரிட்ஜாக வந்தது. பிரிக்கப்படாத பிரதியொன்று 2021-இல் 8,70,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

இக்காட்ரிட்ஜுக்குள் இருவகை நினைவகங்கள் உள்ளன. ஒன்றில் விளையாட்டின் ஆணைகள் தயாரிக்கும்போதே பதிக்கப்பட்டவை. அவை நிலைக்க மின்சாரம் வேண்டியதில்லை. மற்றொன்றில் விளையாடுபவரின் பெயரும் அவர் எட்டிய நிலையும் பதிவாகின்றன. மின்னழுத்தம் அற்றுப்போனால் இப்பதிவு அழியும். ஆகவேதான் உள்ளே 3 வோல்ட் லித்தியம் மின்கலம் ஒன்றை வைத்தார்கள்.

திறக்காத பெட்டியிலும் அது சிறுகச் சிறுகத் தீர்ந்துகொண்டேயிருக்கும். அதைக் கழற்றினாலோ, ஒருவர் சிறுவயதில் பதிந்த பெயர் மறைந்துவிடும் அல்லவா? இதற்கு வழி உண்டு. பழையது முற்றும் தீருமுன், நினைவகத்துக்குப் பக்க இணைப்பில் வேறொரு மின்மூலத்தைத் தற்காலிகமாகச் சேர்க்க வேண்டும். பிறகு பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். மின்னழுத்தம் ஒரு கணமும் அறுபடாததால் பதிவு நிலைக்கும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: லித்தியம் மின்கலத்தின் மேல் நேராகச் சூடுவைத்துப் பற்றவைப்பது ஆபத்தானது. இவ்வேலையைப் பயிற்சியுள்ளவரிடமே விடுங்கள்.