வாறுகாலில் இறங்கிய மோட்டார்

சென்ற தை மாதத்தில் கன்னடியன் கால்வாய்க் கரையிலுள்ள ஓர் ஊருக்குக் கல்யாணத்தை முன்னிட்டுப் போயிருந்தேன். முகூர்த்தம் நல்லபடியாக நடந்தேறியது, பந்தியிலும் குறைவில்லை. ஆனால் மறுவீட்டுச் சொதி இலையில் விழுவதற்கு முன்பே ஒரு வியாஜ்யம் வந்து விழுந்துவிட்டது.

என் மைத்துனர் பாளையங்கோட்டையிலிருந்து தம்முடைய மோட்டாரில் வந்திருந்தார். மண்டபத்துக் காவற்காரர் கையை வீசி, "இங்ஙன விடுங்க அண்ணாச்சி, தாராளமா நிக்கும்" என்று காட்டிய இடத்திற்கே அவர் வண்டியைப் பின்னோக்கி விட்டார். அங்கே வாறுகாலை மூடிக் கிடந்த கற்பலகை படாரென்று முறிந்தது. பின்சக்கரம் உள்ளே இறங்கிற்று. புகைக்குழாய் நசுங்கி, அச்சும் வளைந்து போயிற்று.

மண்டபச் சொந்தக்காரர் ஓடி வந்தார். "வாறுகால் இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா அண்ணாச்சி? என் கல்லும் போச்சே! அதுக்கு யாரு பணம் கொடுப்பா?" என்றார். "ஒங்க ஆளு காட்டின இடத்திலதானே விட்டேன்?" என்றார் மைத்துனர். மண்டபத்தை வாடகைக்கு அமர்த்திய பெண் வீட்டுக்காரரோ இருவருக்கும் நடுவே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனால் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பிறருக்கு நேரும் நஷ்டத்திற்கான இன்ஷூரன்ஸை மட்டுமே. தம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கு வேறாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். மைத்துனர் கட்டவில்லை. ஆகவே அச்சு வளைந்த செலவு யாரோ ஒருவருடைய மடியிலிருந்துதான் வர வேண்டும்.

பிறருடைய இடத்தில் வண்டி ஓட்டிச் சென்று, தன் வண்டியைத் தானே சேதப்படுத்திக்கொண்டவனுக்கு இடத்துக்காரர் பொறுப்பாளியா? இக்கேள்வி மோட்டாருக்கு மூத்தது. 1809ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் முடிவான ஒரு வழக்கைப் பாருங்கள். டார்பி நகரில் ஒருவர் தம் வீட்டைப் பழுது பார்ப்பதற்காக வீதியின் ஒரு பகுதியை அடைத்து ஒரு கழியைக் குறுக்கே வைத்திருந்தார். அந்தி மயங்கும் வேளையில் மதுக்கடையிலிருந்து புறப்பட்ட மற்றொருவர் குதிரையை நாலுகாற் பாய்ச்சலில் விரட்டி வந்து அதில் மோதி விழுந்தார். கழியை வைத்தது தவறுதான்; ஆனால் நிதானமாக வந்திருந்தால் நூறு கஜத்திற்கு அப்பாலேயே அது தெரிந்திருக்கும் என்று சாட்சி சொல்லப்பட்டது. குதிரைக்காரருக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை.

தன் பேரிலும் அஜாக்கிரதை இருந்தால் முழு நஷ்டத்தையும் தானே சுமக்க வேண்டும் என்ற இந்தக் கொடிய நியாயம் நெடுங்காலம் நின்றது. 1945ல்தான் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, குற்றத்தின் அளவுக்கேற்ப நஷ்டத்தைப் பங்கிடலாம் என்று விதித்தது. அப்படியொரு சட்டம் இங்கே இல்லாவிடினும் நமது கோர்ட்டுகளும் பங்கிடும் முறையையே கைக்கொண்டிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரிந்த அபாயத்தின் கதை இது. தெரியாத அபாயத்தின் கதை வேறு. 1866ல் லண்டன் சர்க்கரை ஆலை ஒன்றில் வாயுக் கருவியைச் சோதிக்க வந்த தொழிலாளி, மேல்தளத்தில் அடைப்பில்லாமல் இருந்த திறப்பின் வழியாகக் கீழே விழுந்தார். தொழில் காரியமாக வருகிறவருக்கு, இடத்துக்காரர் அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய, அசாதாரணமான அபாயத்தினால் தீங்கு நேராதபடி தக்க ஜாக்கிரதை எடுத்துக்கொள்வது அவருடைய கடமை என்று தீர்ப்பாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், விருந்தாளிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை! அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1856ல், கண்ணாடிக் கதவு பெயர்ந்து விழுந்து காயமடைந்த ஒரு விருந்தாளியின் வழக்கை இங்கிலீஷ் நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். விருந்தாளி வீட்டு மனிதரைப் போன்றவராம். வீட்டின் குறைகளை வீட்டாரைப் போலவே அவரும் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். விருந்தோம்பலைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் எண்ணம் இதற்கு நேர் விரோதமானது. இங்கிலாந்திலேயே 1957ல் இந்த வித்தியாசத்தை ஒழித்து, அனுமதியோடு வருகிற எல்லாரிடத்தும் ஒரே விதமான ஜாக்கிரதை வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டார்கள். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இன்றும் இல்லை. 1886ல் பிரெடரிக் பொல்லாக் என்னும் சட்டப் பண்டிதர் இந்திய சர்க்காருக்காக ஒரு மசோதாவையே எழுதிக் கொடுத்தார், அது சட்டமாகவில்லை. அந்நிய ஆட்சி அலட்சியம் செய்தது என்று சொல்லி எத்தனை காலம் ஓட்டுவது? நம்முடைய பார்லிமெண்டு ஏற்பட்ட பிறகும் கடந்த வருஷங்கள் எழுபதுக்கு மேல்.

ஆயினும் சீமை நியாயத்தை இங்கே அப்படியே பெயர்த்து நட முடியாது என்பதைக் காட்டிய வழக்கும் ஒன்று உண்டு. பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த கார்வேட்டிநகரம் ஜமீனில் பெருமழையால் ஏரிகள் உடைந்து ரயில் பாதைக்குச் சேதம் விளைந்தது. தன் நிலத்தில் நீரைத் தேக்கி வைப்பவன், அது வெளியேறினால் தவறே செய்யாவிடினும் பொறுப்பாளி என்ற இங்கிலீஷ் விதியைக் காட்டி ரயில்வே கம்பெனியார் ஜமீன்தார் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். 1874ல் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. இந்நாட்டு ஏரிகள் ஜனங்களின் ஜீவாதாரம். அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை. அஜாக்கிரதை இருந்தாலன்றி அவர் பொறுப்பாளியல்லர் என்று முடிவாயிற்று. எட்டு அணைகளையும் எண்ணற்ற குளங்களையும் நம்பி வாழும் தாமிரபரணிக்காரர்களுக்கு இதன் நியாயம் சொல்லாமலே விளங்கும். 2023 டிசம்பர் பெருமழையில் நம் பக்கத்துக் குளங்கள் உடைந்து வாசலில் நின்ற மோட்டார்கள் மிதந்து போனபோது, யாரைக் கேட்பது என்று திகைத்தவர்கள் பலர். அஜாக்கிரதையைக் காட்ட முடியாதவர்களுக்கு இன்ஷூரன்ஸே கதி.

இனி, எங்கு பார்த்தாலும் தொங்குகிற அந்தப் போர்டைப் பற்றி: "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." இதற்கு எவ்வளவு பலம்? சாவி யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. நாமே வண்டியை நிறுத்தி, பூட்டி, சாவியை எடுத்துப் போனால், நிறுத்த இடம் கொடுத்ததோடு அவர்கள் கடமை பெரும்பாலும் தீர்ந்தது. 1937லேயே இங்கிலாந்தில் அவ்விதம் தீர்ப்பாகியிருக்கிறது. சாவியை அவர்கள் ஆளிடம் ஒப்படைத்தால் வண்டியே ஒப்படைக்கப்பட்ட பொருளாகிறது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தன் சொந்தப் பொருளை ஒரு விவேகி காப்பதுபோல அதைக் காத்துத் தர வேண்டும். டில்லித் தாஜ்மகால் ஹோட்டலில் 1998ல் ஊழியரிடம் ஒப்படைத்த மோட்டார் திருட்டுப்போன வழக்கில், "சொந்தக்காரரே பொறுப்பு" என்று சீட்டில் அச்சிட்டிருந்தும், ஊழியரின் அஜாக்கிரதைக்கு அது கேடயமாகாது என்று 2019ல் சுப்ரீம் கோர்ட்டு ஹோட்டலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

மைத்துனரிடம் சாவி இருந்தது. சக்கரத்தைத் திருப்பியவரும் அவரே. கோர்ட்டுக்குப் போனால் கல்யாணப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும் காலத்தில் தீர்ப்பு வரும் என்று பந்தலில் ஒருவர் சொன்னார். வந்திருந்த பெரியவர்களில் வக்கீல் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த ஒருவர், இரு தரப்பாரையும் விட்டுவிட்டுக் காவற்காரரைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, அந்தக் கல்லு முன்னாடியே கீறியிருந்ததா?"

"தண்ணி லாரி ஏறினதிலேயே கீறிப்போச்சுங்க ஐயா. முதலாளிகிட்டச் சொன்னேன்."

மண்டபக்காரர் கல்லின் விலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. மைத்துனர் வெற்றிப் புன்னகை புரிந்தார். பெரியவர் அவர் பக்கம் திரும்பி, "வண்டிய விடுறப்போ காதுல என்ன இருந்தது தம்பி?" என்று கேட்டார். கைபேசி இருந்தது, நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

செலவில் மூன்றில் இரண்டு பங்கு மண்டபக்காரர், ஒரு பங்கு மைத்துனர், கல் மண்டபக்காரருடையது என்று முடிவாகிச் சொதிக்கு உட்கார்ந்தோம். சென்ற வாரம் அவ்வழியே போனேன். வாறுகாலின்மேல் கனத்த இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள். பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் புதிதாக ஒரு போர்டும் மாட்டியிருக்கிறது: வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.