வெப்பநிலை மாறுதலில் இயல்பானது எது?

ஓராண்டு கோடை கடுமையாக இருப்பதும் மறு ஆண்டு சற்றுத் தணிவதும் இயற்கையே. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து வெப்பநிலை ஏறுமாயின், அது இயல்பான ஏற்ற இறக்கத்தின் ஒரு பகுதியா, அல்லது புறக்காரணம் ஒன்றின் விளைவா என்ற கேள்வி எழுகிறது. அணை கட்டுவோர், பயிர்த் திட்டம் வகுப்போர், மின்தேவையைக் கணிப்போர் ஆகிய அனைவருக்கும் இதன் விடை தேவைப்படுகிறது. இயல்பான ஏற்றம் எனில் அது ஒருநாள் இறங்கும். அல்லவெனில், பழைய சராசரியை நம்பித் தீட்டிய திட்டம் பொய்த்துப் போகும்.

விடை காண்பதற்கு முதல் தடை, பதிவுகள் போதிய நீளம் இல்லாதிருப்பது. இந்திய வானிலைத் துறை 1875-இல் நிறுவப்பட்டது. நாட்டின் சராசரி வெப்பநிலைக் கணக்கு 1901 முதல் கிடைக்கிறது. உலகிலேயே மிக நீண்ட கருவிப் பதிவான மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைத் தொடரும் 1659-இல்தான் தொடங்குகிறது.

ஏரியும் மழையும்

இரண்டாவது தடை நுட்பமானது. ஓர் ஏரியின் நீர்மட்டத்தை எடுத்துக்கொள்வோம். மழை நாளுக்கு நாள் ஒழுங்கின்றிப் பெய்கிறது. ஆனால் நீர்மட்டம் அவ்வாறு துள்ளுவதில்லை. பெய்ததையெல்லாம் சேர்த்துவைத்து மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. வெப்பத்தைப் பொறுத்தவரை கடல்தான் அத்தகைய ஏரி. அன்றாட வானிலையின் ஒழுங்கற்ற மாறுதல்களைக் கடல் தன்னுள் திரட்டி, பல ஆண்டுகள் நீளும் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. இக்கருத்தை 1976-இல் கணித வடிவில் விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் ஹாசல்மான். 2021-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அவரும் ஒருவர்.

ஓராண்டின் வெப்பநிலை முந்திய ஆண்டின் வெப்பநிலையை ஓரளவு ஒத்திருப்பதைப் புள்ளியியலார் தன் ஒட்டுறவு என்பர். இதனைக் கணக்கிடும் முறைக்கும் நம் நாட்டுக்கும் தொடர்புண்டு. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமைப் பொறுப்பை வகித்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்னறியும் முயற்சியில் உலகின் பல இடங்களது காற்றழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். சூரியப் புள்ளிகளைப் பற்றி உட்னி யூல் 1927-இல் வகுத்த முறையை அவர் 1931-இல் விரிவுபடுத்தினார். அச்சமன்பாடுகள் இன்றும் இருவர் பெயராலும் வழங்கப்படுகின்றன.

ஒட்டுறவின் விளைவு சிறிதன்று. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு 0.5 எனில், சராசரியைக் கணிப்பதற்கு 100 ஆண்டுப் பதிவு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சுமார் 33 அளவீடுகளுக்கே சமம். கெழு 0.6 எனில் அது 25-ஆகக் குறைகிறது. இதைக் கருதாமல் கணக்கிடுவோர் தற்செயலான ஏற்றத்தையும் நிலையான போக்கு எனப் பிழையாக முடிவு செய்ய நேரும்.

சில தொடர்களில் இந்த நினைவு மேலும் நீண்டது. நைல் நதியில் அணைகளுக்கான நீர்த்தேக்க அளவை ஆராய்ந்த ஹெரால்டு ஹர்ஸ்ட், மிகுநீர் ஆண்டுகளும் குறைநீர் ஆண்டுகளும் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் கூட்டமாக வருவதை 1951-இல் எடுத்துக்காட்டினார். வெப்பநிலைத் தொடர்களிலும் இத்தன்மை காணப்படுகிறது.

இயற்கை எழுதிய பதிவுகள்

கருவிகள் தோன்றுவதற்கு முந்திய காலத்தை மர வளையங்கள், பவளப் பாறைகள், ஏரிப் படிவுகள், பனிப்படலங்கள் ஆகியவற்றிலிருந்து அறிகின்றனர். அண்டார்க்டிகப் பனிப்படலத்தில் துளைத்தெடுத்த பனித்தண்டு 8 லட்சம் ஆண்டுகளின் வரலாற்றைத் தருகிறது. கருவிப் பதிவும் இயற்கைப் பதிவும் ஒருங்கே கிடைக்கும் ஆண்டுகளைக் கொண்டு இரண்டுக்குமுள்ள உறவை முதலில் கணிக்கின்றனர். அவ்வாண்டுகளில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்காது ஒதுக்கிவைத்து, அதைக் கொண்டு முடிவைச் சரிபார்க்கின்றனர். பின்னரே பழங்காலத்துக்குச் செல்கின்றனர்.

இங்கும் எச்சரிக்கை வேண்டும். மர வளையத்தின் அகலம் வெப்பத்தை மட்டுமன்றி மழையையும் மண்ணையும் சார்ந்தது. இக்கலப்பினால், கணித்துப் பெறும் ஏற்ற இறக்கம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றக்கூடும். அவ்வாறாயின் இன்றைய ஏற்றம் உள்ளதைவிட அசாதாரணமாகத் தெரியும். ஆகவே பிழை வரம்பு இல்லாத மதிப்பீடு முழுமையானதாகாது.

தீர்ப்பு

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பின்னரும் விடை தெளிவாகவே உள்ளது. பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான பருவநிலை மாற்றக் குழுவின் 2021-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 1850–1900 காலத்தோடு ஒப்பிடுகையில் 2010–2019-இல் மனிதச் செயல்களால் விளைந்த உலக வெப்ப உயர்வு சுமார் 1.07 டிகிரி செல்சியஸ். சூரியன், எரிமலை ஆகியவற்றின் பங்கு கூட்டியோ குறைத்தோ 0.1 டிகிரிக்குள்ளும், பருவநிலையின் உள் ஏற்ற இறக்கம் 0.2 டிகிரிக்குள்ளும் அடங்குகின்றன. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி உயர்ந்துள்ளதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது.

இயல்பான ஏற்ற இறக்கம் மறைந்துவிடவில்லை. உயர்ந்துவரும் தளத்தின்மீது அது தொடர்ந்து நிகழ்கிறது. சில ஆண்டுகள் வெப்பம் தணிந்தால் உயர்வு நின்றுவிட்டது என்றோ, ஓராண்டு கடுமையாயின் அதுவே இனி நிலை என்றோ கொள்வது தவறு. முப்பது ஆண்டுச் சராசரியை மட்டும் நோக்காமல், தளத்தின் உயர்வையும் அதன்மேல் நிகழும் அலைவின் வீச்சையும் சேர்த்துக் கணக்கிடும் திட்டமே நீடித்த பயன் தரும்.