மாட்டாஸ்பத்திரியில் நாய்க்கும் இடமுண்டு

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் டவுனுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று கிராமத்தில் பலரும் நினைக்கிறார்கள். பக்கத்து ஊரில் மாட்டாஸ்பத்திரி இருப்பது தெரியும். சினை ஊசிக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போயும் இருப்பார்கள். நாயை மட்டும் அங்கே கொண்டுபோகத் தோன்றாது. அங்கிருக்கும் டாக்டர் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு படித்துவிட்டு வந்தவர். அந்தப் படிப்பில் ஆடு, மாடு, கோழியோடு நாயும் பூனையும் பாடம்தான்.

போகும்போது பலகையைப் பாருங்கள். 'கால்நடை மருந்தகம்' என்றிருந்தால் அங்கே 'கால்நடை உதவி மருத்துவர்' என்ற பதவியில் ஒருவர் இருப்பார். பதவிப் பெயரில்தான் உதவி; ஆள் முழு டாக்டர். 'கிளை நிலையம்' என்றிருந்தால் பொறுப்பில் இருப்பவர் கால்நடை ஆய்வாளர். சினை ஊசி, தடுப்பூசி, முதலுதவி இவைதான் அவர் வேலை. குட்டி வாந்தி எடுத்து ரத்தமாகக் கழிகிறது என்றால் அங்கே காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் எந்த மருந்தகத்தில் டாக்டர் இருக்கிறார் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

ஊசிப்பையோடு பைக்கில் வருகிற இன்னொருவரும் பல ஊர்களில் உண்டு. ராத்திரி கூப்பிட்டாலும் வருவார் என்பதால் அவருக்கு நல்ல பேர். ஆனால் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் வைத்தியம் பார்க்கலாம். சில்லறைச் சேவைகளை மட்டும், பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில், அரசு அனுமதித்த மற்றவர்கள் செய்யலாம். சட்டத்தை விடுங்கள். மாட்டுக்கு ஊசி போட்டுப் பழகிய கை, மூன்று கிலோ குட்டிக்கு மருந்தை எந்தக் கணக்கில் எடுக்கும் என்பதுதான் என் கவலை. பதிவு எண் என்ன என்று கேட்பதில் தப்பே இல்லை.

நல்ல டாக்டர் யார் என்று விசாரிக்கச் சரியான இடம் பால் சொசைட்டி. காலையில் பால் ஊற்ற வருகிறவர்களுக்கு எந்த டாக்டர் எங்கே இருக்கிறார், போன் எடுப்பாரா, கை ராசி எப்படி என்பதெல்லாம் அத்துப்படி. டவுனில் கால்நடை மருந்துக் கடைக்காரரும் சொல்வார். மருந்தகத்துக்குக் காலையில் போவது நல்லது. அதிலும் போன் பண்ணிவிட்டுப் போங்கள். கோமாரி தடுப்பூசி போடும் நாட்களிலும் முகாம் நாட்களிலும் டாக்டர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். நாற்காலி காலியாக இருந்தால் ஆள் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தமில்லை.

முதல் தடவை நோயோடு போகாமல் தடுப்பூசிக்குப் போவது உத்தமம். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ முதலான நோய்களுக்கான ஊசி தொடங்கும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினம். 1885-இல் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த சிறுவனுக்கு முதல் ஊசி போட்ட நாள். அதையொட்டி அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நாய்களுக்கு வெறிநோய் ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். பார்வோ ஊசி பெரும்பாலும் வெளியே வாங்கித்தான் வர வேண்டியிருக்கும். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது. சட்டைப் பையில் போட்டு வெயிலில் பைக் ஓட்டி வந்தால் காசும் போச்சு, ஊசியும் போச்சு. ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியிலோ பிளாஸ்கிலோ கொண்டுவாருங்கள். ஊசி போட்டதும் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே, ஸ்கேன், எலும்பு முறிவு, கருத்தடை அறுவை என்று வந்தால் சின்ன மருந்தகத்தில் வசதி இருக்காது. மாவட்டத்தின் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது: நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. சென்னை வேப்பேரியில் இருப்பது 1903-இல் தொடங்கியது.

கொண்டுபோகும் விதமும் முக்கியம். பூனையை உரச்சாக்கில் கட்டிப்போவதைவிட மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை மேல், காற்று போகும். சாதுவான நாயும் வலியில் கடிக்கும். நீளமான துணி நாடாவில் ஒரு சுருக்குப் போட்டு மூக்கின்மேல் மாட்டி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, பிறகு இரு முனையையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினால் போதும். மூச்சு வாங்குகிற, வாந்தி எடுக்கிற நாய்க்கு மட்டும் வாயைக் கட்டக் கூடாது. வலிப்பு வந்தால் அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் வராது.

போவதற்கு முன் வீட்டு மாத்திரை எதுவும் வேண்டாம். காய்ச்சல் என்று நாம் போடுகிற பாராசிட்டமால் ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதன் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு திணறும்.

நாய் வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக நின்றால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று கையை விடாதீர்கள். வெறிநோயிலும் தாடை அப்படித்தான் தொங்கும். நாயைத் தனியாக அடைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். எச்சில் காயத்தில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, மனுஷ ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போங்கள்.

ராத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் தடவை போகும்போதே டாக்டரிடம் கேட்டு நம்பரை ஏற்றிக்கொள்ளுங்கள். கூடவே 1962. நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான இலவச எண் அது. ஆடு மாடுகளை முதன்மையாக வைத்து வந்த திட்டம் என்பதால், நாய் பூனைக்கு உங்கள் பக்கம் வண்டி வருமா என்பதை ஒன்றுமில்லாத ஒரு நாளில் கூப்பிட்டுக் கேட்டு வையுங்கள்.