கோழியைப் பிடித்தது எது?

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதிகாலை, குட்மேய்ஸிலுள்ள எமது வீட்டின் பின்வளவில் இருந்த மூன்று பேட்டுக்கோழிகளில் ஒன்று தலையின்றிக் கிடந்தது. மற்றொன்றைக் காணவில்லை. மூன்றாவது கூட்டின் மேற்சட்டத்தில் ஏறி ஒடுங்கி நின்றது. என் தாயார் ஒரு கணமும் தாமதிக்காது தீர்ப்பு வழங்கினார்: "பக்கத்து வீட்டுக் கறுத்தப் பூனைதான்." நானும் அதை ஏற்று, அயல்வீட்டு ஆங்கிலேய மூதாட்டிக்கு ஒரு கடிதமும் எழுதி உறையிலிட்டுவிட்டேன். கிளிநொச்சியில் பல்லாண்டு விஞ்ஞானம் கற்பித்தவன், அவதானிப்பு முந்தியது, முடிவு பிந்தியது என்று கரும்பலகையில் எழுதியவன், இப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோழியைப் பிடிக்கும் பிராணி ஒவ்வொன்றும் தன் கையெழுத்தை விட்டே செல்கிறது. அதனை வாசிக்கத் தெரியவேண்டும். யாழ்ப்பாணத்தில் நம் பாட்டிமார் அதனை நன்கு வாசித்தனர். பகலில் குஞ்சு மறைந்தால் பருந்து அல்லது கீரி; இரவில் கூரையைப் பிரித்து இறங்கினால் மரநாய். பனையிலேறிக் கள்ளுமுட்டியில் வாய்வைக்கும் அந்த மரநாய்க்கு எமது கிடுகுக் கூரை எம்மாத்திரம்! முட்டை மாத்திரம் குறைந்தால் சாரைப்பாம்பு அல்லது உடும்பு எனச் சந்தேகிப்பர். ஐயமிருந்தால் கூட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு உறங்குவர். விடியற்காலையில் காலடி சாட்சி சொல்லும்.

தாய்க்கோழியின் குரலும் ஒரு சாட்சியே. வானில் பருந்து வட்டமிட்டால் அது மெல்லியதாய் நீண்ட ஒரு குரல் எழுப்பும். குஞ்சுகள் செடியடியில் பதுங்கும். தரைவழியே பகை வந்தாலோ 'கொக்கொக்' என்று விட்டுவிட்டு உரத்துக் கத்தும். இவ்விரண்டும் வேறுவேறு பொருளுடைய எச்சரிக்கைகள் என்பதைப் பிற்கால ஆய்வாளர் ஒலிப்பதிவு செய்து பரிசோதித்தும் உறுதிப்படுத்தியுள்ளனர்.

இந்நாட்டிலே அந்தப் பழைய பட்டியல் பயன்படாது. கீரியும் இல்லை, மரநாயும் இல்லை. நம் கதைகளில் வரும் நரிகூட இங்குள்ள நரியன்று. இலங்கையில் நாம் நரி என்றழைப்பது ஓநாயின் இனத்தைச் சேர்ந்த பொன்னிறக் குள்ளநரியை. இங்கு தெருவிளக்கின் கீழ் நடந்து செல்வது செந்நரி. 1930களில், பெரிய தோட்டங்களுடன் கூடிய புறநகர் வீடுகள் பெருகியபோது இலண்டனுக்குள் குடிபுகத் தொடங்கிய அது, இன்று தொடருந்துப் பாதையோர மண்மேடுகளிலும் தோட்டக் கொட்டில்களின் அடியிலும் குட்டி ஈன்று வாழ்கிறது. பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டமே அதனிடமிருந்து தப்பவில்லை. 1996ஆம் ஆண்டில் மகாராணியாரின் பூநாரைகளை நரியொன்று கொன்றது அந்நாளில் பெருஞ் செய்தியாயிற்று.

கடிதத்தை நான் தபாற்பெட்டியில் இடாதபடி தடுத்தவள் எமது பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் பயிலும் ஒரு மாணவி. அன்று வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். "சேர், இறகின் அடி எப்படி இருந்தது?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை. வீடு திரும்பியதும் பார்த்தேன். இறகுகளின் தண்டுகள் கத்தரியால் நறுக்கியவைபோல் அறுபட்டிருந்தன. அது பாலூட்டியின் பல் வேலை. பருந்தோ வல்லூறோ இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். தண்டு அடிவரை முழுமையாக இருக்கும். இலண்டன் தோட்டங்களில் புறா இறகுகள் வட்டமாகச் சிதறிக் கிடந்தால் அது பெரும்பாலும் குருவிப்பருந்தின் விருந்து எனலாம். ஆயினும் நன்கு வளர்ந்த பேட்டுக்கோழி அதற்கு மிகையான பாரம்.

சரி, பாலூட்டி எனில் எது? இங்கேதான் பொறுமை வேண்டும். வீட்டுப்பூனை குஞ்சைப் பிடிக்கும். வளர்ந்த கோழியோடு மோதுவது அரிது. எலி முட்டையையும் குஞ்சையும் வளைக்குள் இழுக்கும், உறங்கும் கோழியின் காலைக் கடிக்கும், ஆனால் தலையைக் கொண்டுபோகாது. நாய் துரத்தி, குதறி, உண்ணாமலே போய்விடும்; காயங்கள் முதுகிலும் பின்புறத்திலும் அலங்கோலமாக இருக்கும். கூட்டின் பலகையே பெயர்க்கப்பட்டிருந்தால் பட்ஜர் எனப்படும் வளைக்கரடியை நினைக்கலாம். அதற்குத் தீங்கு செய்வது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமென்பதை மறவாதீர்கள். ஆறு குளங்களுக்கு அண்மையில் வசிப்போர் மிங்க் என்ற மெல்லுடல் விலங்கையும் கருதவேண்டும். உரோமத்துக்காக 1929 முதல் இந்நாட்டுப் பண்ணைகளில் வளர்க்கப்பட்டுத் தப்பியோடிய அமெரிக்க இனம் அது. சிறு துவாரத்தினூடாக நுழைந்து, பிடரியில் நெருக்கமான நுண்ணிய பற்குறிகளிட்டு, கூட்டிலுள்ள எல்லாவற்றையும் கொன்று அங்கேயே விட்டுச்செல்லும்.

நரியும் பலவற்றைக் கொல்லும். இதனைப் பலர் அதன் கொடூரம் என்பர். ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972இல் வெளியிட்ட ஆய்வு வேறு விளக்கம் தருகிறது. கடற்கரையில் கூடுகட்டும் கருந்தலைக் கடற்காகங்கள், இருண்ட இரவுகளில் பறக்காது தரையில் இருந்தபோது, நரிகள் தாம் உண்ணக்கூடியதிலும் பன்மடங்கு கொன்றன. காட்டில் ஒன்றைப் பிடிக்கையில் ஏனையவை பறந்துவிடும். வேட்டை அத்துடன் முடியும். தப்பிச் செல்ல வழியற்ற கூட்டிலோ இரையின் படபடப்பு ஓயாதவரை நரியின் வேட்டை உணர்ச்சியும் ஓய்வதில்லை. பிறகு அது ஒவ்வொன்றாகக் காவிச்சென்று புதைக்கும். நாம் இடையில் விளக்கைப் போட்டுவிட்டால் பிணங்கள் எஞ்சும்.

புதைக்கும் என்ற சொல் என்னை ரோஜாப் பாத்திக்கு அனுப்பியது. கிளறியிருந்த மண்ணில் மஞ்சட்கால் ஒன்று வெளியே தெரிந்தது. காணாமற்போன கோழி! அருகில் ஈரமண்ணில் ஐந்து சென்ரிமீற்றர் அளவில், ஒடுங்கிய சாய்சதுர வடிவக் காலடி. முன்னிரு விரல்களுக்கும் பக்க விரல்களுக்கும் இடையே ஒரு தீக்குச்சியைக் குறுக்காக வைக்கலாம். நாயின் அகன்ற காலடியில் அவ்வாறு வைக்க இயலாது. பூனையாயின் தடம் வட்டமாக, நகக்குறி இன்றி இருக்கும்.

இன்னுமொரு எச்சரிக்கை. தின்றது வேறு, கொன்றது வேறாக இருக்கலாம். குறொய்டனில் 2014 முதல் தலையும் வாலும் துண்டிக்கப்பட்ட பூனைகள் கிடக்கக் கண்டு, கத்தியுடன் ஒரு மனிதன் அலைகிறான் என்று ஊரே நடுங்கியது. மாநகரப் பொலிசார் ஏறத்தாழ மூன்றாண்டுகள் விசாரித்து, 2018 செப்ரெம்பரில் கோப்பை மூடினர்: பூனைகள் வாகனங்களில் அடிபட்டு இறந்தவை, உடல்களைச் சிதைத்தவை நரி முதலான பிராணிகள் என்று. அரச மிருகவைத்தியக் கல்லூரியினர் 32 பூனைகளின் உடல்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட கட்டுரையில், காயங்களில் நரியின் டி.என்.ஏ. இருந்ததைக் காட்டினர், சில பூனைகளை நரியே கொன்றிருந்ததும் புலனாயிற்று. இல்லாத மனிதன் ஒருவனை அத்தனை காலம் தேடியிருக்கிறார்கள். சந்தேகத்தின் பேரில் மாத்திரம் பெயர் எழுதப்படுவது எத்தகையது என்பதை நம்மவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனிக் காவல். கோழிவலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கண்வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். நரியை வெளியே வைத்திராது. பற்றவைத்த தடித்த கம்பிவலையே வேண்டும். அதனை ஓரடி ஆழத்துக்குப் புதைக்கவோ, நிலத்தோடு வெளிப்புறமாக விரிக்கவோ வேண்டும். இரண்டு மீற்றர் வேலியும் நரிக்குத் தடையன்று, மேலும் மூடுக. பங்குனி, சித்திரையில் குட்டிகள் பிறந்தபின் ஆனிவரை அது பட்டப்பகலிலும் வரும். கூட்டுக்கதவை மாலை மங்குமுன் அடைப்பதை மறப்பவருக்கு வேறெந்த அறிவுரையும் பயன்படாது. நஞ்சு வைத்தல் சட்டவிரோதம். ஒரேயொரு கோழி வளர்ப்பவரும் 2024 ஒக்ரோபர் முதல் இங்கிலாந்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பதையும் இவ்விடத்திற் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சமையலறைச் சோற்றுப் பருக்கையைக் கோழிக்கு இடுவதும் இங்கு தடை. இதை அம்மாவுக்கு விளங்கவைக்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த இரவு, மழைக்குள் நாங்கள் படலையைத் தாண்டிய பின் அம்மா திரும்பி ஓடிச்சென்று கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வந்தார். பதினொரு கோழிகள். அவற்றை எது பிடித்தது என்பதற்குத் தடயம் பார்க்க நாங்கள் அங்கு இருக்கவில்லை.

அன்று மாலை அயல்வீட்டு மூதாட்டி தாமாகவே வந்தார். தமது வாசற் கமராவில் பதிவானதைக் கைப்பேசியில் காட்டினார்: அதிகாலை நான்கு மணி கடந்த வேளையில், வாயில் எதையோ கௌவியபடி ஒரு செந்நரி. "உங்கள் கோழியாயிருக்குமோ?" என்று வருந்திக் கேட்டார். உறையிலிட்ட கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அது எழுதப்பட்டதை அவர் இன்றுவரை அறியார்.

எஞ்சிய கோழிக்கு இப்போது இரண்டு துணைகள் வந்துள்ளன. அம்மா மாத்திரம் அந்தக் கறுத்தப் பூனையை இன்னும் நம்புவதாயில்லை.