கான் அடைத்தால் வீதி போகும்

கண்டி மலைவீதிகளைக் காக்கும் வேலை மழைக்கு முன்பே தொடங்க வேண்டும்

ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் டிசம்பரில் தொலைபேசி எடுத்தால் பேச்சு எப்படியும் பனிக்கு வந்துவிடும். விடியுமுன் வீதிக்கு உப்பு போட்டார்களா, வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடிந்ததா என்பதுதான் அங்கே அன்றாடக் கவலை. அந்தக் கவலைக்கு அங்குள்ள உள்ளூராட்சி அமைப்புகள் கணக்கோடு பதில் வைத்திருக்கின்றன. ஒன்ராறியோ மாகாணத்தின் நகராட்சி வீதிகளுக்கு 2002ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்று பராமரிப்புத் தரம் வகுத்திருக்கிறது. வாகனம் மிகுந்த முதலாம் வகுப்பு வீதியில் 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் பனி சேர்ந்தால், பனி ஓய்ந்து 4 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். ஐந்தாம் வகுப்பு வீதிக்கு 10 சென்ரிமீற்றர், 24 மணி நேரம்.

உப்புக்கும் கணக்கு உண்டு. வீதியில் போடும் உப்பு நீர்நிலைகளுக்கும் மண்ணுக்கும் கேடு செய்கிறது என்று கனடிய மத்திய அரசின் ஆய்வு 2001இல் முடிவுக்கு வந்தது. ஆண்டுக்கு 500 தொன்னுக்கு மேல் உப்பு பயன்படுத்தும் அமைப்புகள் அதற்கென முகாமைத்துவத் திட்டம் எழுத வேண்டும் என்று 2004இல் நடைமுறைக் கோவை வந்தது. எந்த வீதிக்கு, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் பனி விழுமுன்பே தாளில் இருக்கிறது.

கண்டிக்குப் பனியும் இல்லை, உப்பும் வேண்டியதில்லை. நமக்கு வருவது தண்ணீர். கண்டி நகரில் ஆண்டுக்கு 1800 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்றே மாதங்களில் கொட்டுகிறது. நாள் குறித்து வரும் இந்த மழைக்கு நம் வீதிகள் நாள் குறித்துத் தயாராகின்றனவா? என் கவலை முழுவதும் வீதியோரத்துக் கானைப் பற்றியது. காபட் வீதியைப் பற்றிப் பேசுவோர் ஏராளம். கானைப் பற்றிப் பேச ஆளில்லை.

தண்ணீர் எப்படி வீதியைத் தின்கிறது

மலைவீதி ஒன்றை நின்று பாருங்கள். ஒரு பக்கம் வெட்டிய மேடு, மறு பக்கம் பள்ளம். மேட்டோரமாகக் கான் ஓடும். மேட்டிலிருந்து வடியும் நீரையும் வீதியில் விழும் நீரையும் அது வாங்கிக்கொண்டு போய், இடைக்கிடை வரும் மதகுகளில் சேர்க்கும். மதகு அந்த நீரை வீதிக்கு அடியால் கடத்திப் பள்ளப் பக்கத்து ஓடையில் விடும். வீதியின் தளமும் நீர் நிற்காமல் கானுக்கு வழிந்தோடும்படி சற்றுச் சாய்வாகவே போடப்படும். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நோக்கத்துக்காக: தண்ணீர் வீதியில் தங்கக் கூடாது.

கானில் மண் நிரம்பினால் என்ன நடக்கும்? நீர் வீதி விளிம்பில் தேங்கி, தாருக்கு அடியில் இருக்கும் சல்லிக்குள் இறங்குகிறது. ஈரம் ஏறிய அடித்தளம் பலம் இழக்கிறது. அதன்மேல் பஸ் சக்கரம் ஏறி இறங்க, விளிம்பு உடைகிறது. முதலில் கை அகலத்தில் வெடிப்பு, பிறகு குழி, அதற்குப் பிறகு ஒற்றை வழி.

இதைவிட மோசமானது இன்னொன்று. கான் ஏற்காத நீர் வீதியைக் குறுக்கே கடந்து பள்ளப் பக்கம் பாய்கிறது. மதகு வழியாக ஓடைக்குப் போக வேண்டிய வெள்ளம், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் சரிவுக்குள் இறங்கி மண்ணை ஊற வைக்கிறது. கீழே ஒரு வீடு இருக்கலாம், ஒரு லயன் வரிசை இருக்கலாம். தடுப்புச் சுவர்களிலும் இதே கதைதான். சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் வைத்திருப்பார்கள். அவை மண்ணும் பாசியும் ஏறி அடைபட்டால், சுவருக்குப் பின்னால் சேரும் நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி என்ன செய்தது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் கண்டி. சூறாவளிக்குச் சில நாட்கள் முன்னதாகவே கடுகண்ணாவைப் பகுதியில் வீதியோரக் கடை மீது மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் போயின. கொழும்பு–கண்டி வீதியும் மஹியங்கனை வீதியும் மூடப்பட, கண்டிக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டு வருவதே பெரும்பாடாயிற்று.

நான்கு அங்குலக் குழாய்

கலஹா பக்கம் ஒரு வீதியோரத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். மேட்டுப் பக்கத்தில் ஒரு வீடு. வாசலுக்கு ஆட்டோ ஏற வேண்டும் என்பதற்காகக் கானுக்கு மேல் கொங்கிறீட் போட்டிருந்தார்கள். கான் ஒன்றரை அடி அகலம். கொங்கிறீட்டுக்கு அடியில் நீர் போக வைத்திருந்ததோ நான்கு அங்குலப் பிளாஸ்ரிக் குழாய். அதன் வாயில் ஒரு சோடாப் போத்தல், வாழைச் சருகு, வீடு கட்டும்போது வழித்துவிட்ட செம்மண். மழை தொடங்கிச் சற்று நேரத்தில் கான் நிரம்பி, கலங்கல் நீர் வீதிக்கு ஏறிக் குறுக்கே ஓடியது. எதிர்ப் பக்கத்தில் வீதி விளிம்பு ஏற்கெனவே ஒரு முழம் அரித்துப் போயிருந்தது. அந்த இடத்தில் யாரோ ஒரு மரக்கிளையை நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அதுதான் அங்கிருந்த ஒரே பாதுகாப்பு.

அந்த வீட்டுக்காரரைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. அவருக்கு வாசல் வேண்டும், அதை எப்படிப் போட வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் பேராதனையிலிருந்து தெல்தோட்டை வரை, கட்டுகஸ்தோட்டையிலிருந்து வத்தேகம வரை இப்படிப்பட்ட வாசல்களை எண்ணிக்கொண்டே போகலாம். கானின் கொள்ளளவை ஒவ்வொரு வீடும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொள்கிறது.

நகருக்குள்ளும் இதே நிலைதான். கண்டி வாவியிலிருந்து வழியும் நீரையும் நகரத்துக் கான்களின் நீரையும் மகாவலிக்குக் கொண்டுபோவது மெத எல. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற நகரத்தில் மழைநீர் எல்லாப் பக்கமிருந்தும் அடிவாரத்துக்குத்தான் இறங்குகிறது. மேல் வீதிகளின் கான்கள் கழுவிக் கொண்டுவரும் மண்ணும் பொலித்தீனும் மெத எலயில் படிகின்றன. பெருமழை வந்தால் ரயில் நிலையப் பக்கம் தண்ணீர் நிற்கிறது. அம்பிட்டிய மேட்டில் அள்ளாத மண், நகரத்துக் கடைக்காரரின் முழங்காலளவு வெள்ளமாக வந்து சேர்கிறது.

யாருடைய வீதி?

வீதி யாருடையது என்பதைப் பொறுத்தே அதன் கானுக்குக் கதி. ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கு. எஞ்சியவை மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளுக்கு. நீளத்தில் பார்த்தால் பெரும்பங்கு கடைசி வரிசையில்தான் இருக்கிறது. வருமானத்தில் பார்த்தால் குறைந்த பங்கும் அங்கேதான். தண்ணீருக்கோ இந்த வகுப்பெல்லாம் தெரியாது. பிரதேச சபை வீதியின் கான் அடைபட்டால், அதன் நீர் கீழே போகும் மாகாண வீதியை உடைத்து, அதற்கும் கீழே தேசிய வீதியில் மண்ணைக் கொட்டும்.

இந்த வரிசைக்கும் வெளியே நிற்பவை தோட்டப் பாதைகள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துர கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதே ஆண்டு கண்டிக்கு ரயிலும் வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேயிலை இறங்கிய பாதைகளில் இன்றும் பிள்ளைகள் சேற்றில் சறுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்த ஏற்பாடு 2018இல்தான் திருத்தப்பட்டது. திருத்தம் வந்ததும் பாதை வந்துவிடவில்லை. பல இடங்களில் பாதை தோட்ட நிர்வாகத்துக்கா, சபைக்கா என்ற கேள்வி இன்னும் தொங்குகிறது. அந்தக் கேள்வி தீரும்வரை கானில் மண் ஏறிக்கொண்டே இருக்கும். மண் சரிந்தால் முதலில் அகப்படுவது அதே பாதையோர லயன்கள்.

மண்வெட்டிக்கு ஆள் எங்கே?

கண்டியின் வீதிகள் மனிதக் கைகளால் ஆனவை. கடுகண்ணாவையில் நிற்கும் டோசன் கோபுரம், கொழும்பு–கண்டி வீதியை அமைத்து 1829இல் இறந்த பொறியியலாளரின் நினைவுச் சின்னம். அவரின் கீழ் பாறை உடைத்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. 1848இன் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு 6 நாட்கள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டு மாத்தளையிலும் கண்டியிலும் மூண்ட கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். பின்னாளில் பொதுவேலைத் திணைக்களத்தின் வீதி லயன்களில் குடியிருந்து கான் வெட்டியவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் ஏராளம். அந்தக் கட்டாயமும் அந்தக் கொடுமையும் திரும்ப வரக் கூடாது. ஆனால் தன் பகுதி வீதியின் ஒவ்வொரு மதகையும் அறிந்த தொழிலாளி ஒருவர், மழை நேரம் மண்வெட்டியோடு நடந்து பார்க்கும் வழக்கம் திரும்ப வர வேண்டும்.

இன்று வீதிக்கு வருவது பெக்கோ. மண் சரிந்த பிறகு வருகிறது. ஒரு பெக்கோவை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கும் காசில் கானில் நின்று வேலை செய்யப் பலருக்குச் சம்பளம் கொடுக்கலாம். புதிதாகப் போட்ட காபட்டுக்குத் திறப்பு விழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு. கானில் மண் அள்ளியதற்கு எந்த ஊரில் பெயர்ப்பலகை வைத்தார்கள்? உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6இல்தான் அடுத்த தேர்தல் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எங்கள் வட்டாரத்துக் கானைப் பற்றிக் கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. இப்போது இருக்கிறார்கள். கேட்க வேண்டும்.

டித்வா போன்ற மழைக்கு எந்தக் கானும் தாங்காது, காலநிலை மாறிவிட்டது, பழைய அளவுகளை வைத்து இன்று வடிவமைக்க முடியாது என்று பொறியியலாளர்கள் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் டித்வா ஆண்டுதோறும் வருவதில்லை. ஆண்டுதோறும் வருவது ஒக்டோபர் மாதத்துப் பின்னேர மழை. அந்தச் சாதாரண மழையே வீதியை உடைக்கிறது என்றால், குறை கானில்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு எண் வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். மலையகத்தில் இந்த எண்கள் இன்று குழந்தைகளுக்கும் தெரியும். கானுக்கும் அப்படி ஓர் எண் வேண்டும். பாதிக்கு மேல் மண் ஏறிய கானை இத்தனை நாளுக்குள் அள்ள வேண்டும் என்று ஒவ்வொரு சபையும் தீர்மானம் நிறைவேற்றட்டும். தன் எல்லைக்குள் உள்ள மதகுகளின் பட்டியலை ஓகஸ்ட் மாதமே அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். செப்டெம்பர் முடியுமுன் எவை சுத்தமாயின, எவை பாக்கி என்று அதே பலகையில் எழுதட்டும். வாசல் கொங்கிறீட்டுக்கு அனுமதி கொடுக்கும்போது குழாயின் அளவையும் சேர்த்து எழுதிக் கொடுக்கட்டும். வெட்டிய மேடுகளில் வெட்டிவேர் நடட்டும். இதற்கெல்லாம் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு உங்கள் வாசலுக்கு முன்னால் ஓடும் கானை ஒருமுறை குனிந்து பாருங்கள். உங்கள் குழாய் சிறிதென்றால் மழைக்கு முன் மாற்றுங்கள். பொதுக் கான் அடைபட்டிருந்தால் படம் எடுத்து, எழுத்தில் ஒரு முறைப்பாடாக உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொடுத்து, திகதியைக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.