கணக்கில் வராத தமிழ்

சென்ற விடுமுறையின்போது இரத்தினபுரிப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் நம் மாணாக்கன் ஒருவனின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். லயத்தின் சிற்றறையில் பழைய கணினியொன்றின் முன் அவனும் தம்பியும் அமர்ந்து விளையாடிக்கொண்டிருந்தனர். ஆட்டத்தின் மொழிப் பட்டியலில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜப்பானியம், போலிஷ் எனப் பல இருந்தன, தமிழைக் காணோம். "சேர், தமிழில் ஏன் போடமாட்டார்கள்?" என்று வினவினான் இளையவன். அவ்விளையாட்டோ பட்டணத்திலிருந்து வந்த கள்ளப் பிரதி!

விளையாட்டொன்றை மொழிபெயர்ப்பது எளிதன்று. ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் பெயர்க்க வேண்டும். எழுத்துருக்களைப் பொருத்த வேண்டும். பிழை பார்க்க வேண்டும். இச்செலவு திரும்புமா என்பதை விற்பனைக் கணக்கே தீர்மானிக்கின்றது. கள்ளப் பிரதி அக்கணக்கில் ஏறுவதில்லை. அதனால் ஆங்கிலம் அழியாது. முதலில் கைவிடப்படுவன சிறு சந்தையுடைய மொழிகளே.

இதற்காக அச்சிறுவரைக் கள்வரென்று கூற நாம் துணியோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இத்தகைய பிரதி விற்பனையைக் குற்றமென்கிறது. ஆயினும், 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, 60 டொலர் விலையுள்ள விளையாட்டொன்று ஏறத்தாழப் பன்னிரண்டு நாட் கூலியை விழுங்கியிருக்கும். சட்டம் மட்டும் என் செய்யும்?

போலந்து நாடும் ஒருகாலத்தில் இந்நிலையிலேதான் இருந்தது. 1994இல் வார்சோவில் தோன்றிய 'சீடி புரொஜெக்ட்' நிறுவனம், திறந்தவெளிச் சந்தைகளிற் குவிந்த கள்ளப் பிரதிகளுடன் போட்டியிட்டது. 1999இல் 'பால்டர்ஸ் கேட்' என்னும் விளையாட்டைப் போலிஷ் மொழியிலேயே, நாடறிந்த நடிகர்களின் குரலுடன், நிலப்படமும் இசைத்தட்டும் சேர்த்து வெளியிட்டது. கள்வனால் தரவியலாததைத் தந்தமையால் மக்கள் விரும்பி வாங்கினர். பிறர் கதையைப் பெயர்த்த அந்நிறுவனமே 2007இல் தன் நாட்டுக் கதையைக் கொண்டு 'தி விட்சர்' விளையாட்டைப் படைத்தது.

நம்மவர்க்கும் இது கைகூடாததன்று. டொரன்டோவில் உருவாகி 2023இல் வெளிவந்த 'வெண்பா', புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் அடுக்களையைக் களமாகக் கொண்டு, 2024இல் 'பாஃப்டா' விருதும் பெற்றது.

பெற்றோரே! விலை குறைந்த, இலவசமான நல்ல விளையாட்டுகளும் உள. ஆண்டுக்கொன்றேனும் நேர்மையாய் வாங்குவோம். தமிழிலும் தருமாறு ஆக்கியோர்க்கு எழுதுவோம். நம் பிள்ளைகள் முதலிற் கணக்கில் வரட்டும்; பட்டியலில் தமிழும் வரும்.