கன அங்குலமும் லிட்டரும்

ஒரு மோட்டார் வாகனத்தை இத்தனை ‘சி.சி.’ என்று சொல்லும்போது அதன் சக்தியையே சொல்வதாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருந்தாலும், உண்மையில் அந்த எண் குறிப்பது இடத்தைத்தான். பிஸ்டன் கீழெல்லையிலிருந்து மேலெல்லைக்குச் செல்லுகையில் சிலிண்டருக்குள் எவ்வளவு இடத்தைக் கடக்கிறதோ, அதைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் கன அளவே அது. திருவொற்றியூரில் நெடுங்காலம் தயாரான பழைய புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டருக்கு விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர். கணக்கிட்டால் 346 கன சென்டிமீட்டர்தான் தேறும் என்றாலும், அதை 350 என்று அழைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை.

அமெரிக்கர்களோ வெகுகாலம் இந்த அளவைக் கன அங்குலத்திலேயே சொல்லிவந்தார்கள். ஃபோர்டு மஸ்டாங்கின் பிரசித்தமான 302 எஞ்சினில் எட்டுச் சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் விட்டம் 4 அங்குலம், ஓட்டம் 3 அங்குலம். ஒரு கன அங்குலம் 16.387 கன சென்டிமீட்டர் ஆகையால், மொத்தம் சுமார் 4,942 சி.சி., அதாவது நியாயப்படி 4.9 லிட்டர். ஆயினும் லிட்டர்க் கணக்கு வழக்கத்துக்கு வந்தபோது வண்டியின் பக்கவாட்டில் ஏறியது ‘5.0’. அதே கம்பெனியின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினும் 4.9 லிட்டரே என்பதால், இரண்டும் குழம்பாமலிருக்க இவ்வாறு செய்தார்கள் என்று காரணம் கூறுவதுண்டு. முழு எண்ணுக்குள்ள மிடுக்கும் ஒரு காரணமாயிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எண்ணோடு எழுத்தும் சேர்ந்துகொண்ட விநோதம் இதனினும் சுவையானது. லிட்டர் என்பதை இங்கிலாந்தார் ‘ஆர்-ஈ’ என்று முடிக்க, அமெரிக்கர்கள், 1828-இல் வெளியான நோவா வெப்ஸ்டரின் அகராதி வேரூன்றச் செய்த சம்பிரதாயப்படி, ‘ஈ-ஆர்’ என்றே முடிப்பார்கள். அப்படியிருக்க, 1964-ஆம் ஆண்டு மாடலாகப் போண்டியாக் கம்பெனி வெளியிட்ட ஜி.டி.ஓ.வின் முன்பக்க மட்கார்டில் பொறித்த சின்னத்திலோ, ‘6.5 லிட்டர்’ என்பது ‘ஆர்-ஈ’ என்று ஆங்கிலேய முறையில் முடிந்தது! பெயரே இத்தாலியப் பந்தயக் காரான ஃபெராரி 250 ஜி.டி.ஓ.விடமிருந்து எடுத்துக்கொண்டதாயிருக்க, எழுத்தும் ஐரோப்பிய வாசனையோடு இருக்கட்டுமே என்று எண்ணினார்கள் போலும். (அந்த 250 முழு எஞ்சினின் அளவன்று, பன்னிரண்டு சிலிண்டர்களில் ஒன்றுக்கு உத்தேசமாக உரிய சி.சி.) போண்டியாக்கின் 389 கன அங்குலத்தை மாற்றிப் பார்த்தாலோ 6,375 சி.சி.தான், தாராளமாகச் சொன்னாலும் 6.4 லிட்டருக்கு மேல் போகாது.

1970களின் இறுதியில் அதே கம்பெனியின் டிரான்ஸ் ஆம் கார்களில் இவ்வெழுத்துக்கு வேறொரு பிரயோஜனம் ஏற்பட்டது. ஏறக்குறைய ஒரே அளவான எஞ்சின்களில், போண்டியாக்கின் வலுவான 400 கன அங்குல எஞ்சின் உள்ள வண்டியின் முகப்புமூடியில் ‘டி/ஏ 6.6’ என்றும், ஓல்ட்ஸ்மொபீலிடமிருந்து பெற்ற 403 கன அங்குல எஞ்சின் உள்ளதில் ‘6.6 லிட்டர்’ என்று அதே ஆங்கிலேய எழுத்திலும் எழுதியிருக்கும். 1978-இல் முன்னதற்கு 220 குதிரைசக்தி, பின்னதற்கு 185 மாத்திரமே என்பதால், விஷயமறிந்தவர் மூடியைத் திறவாமலே, ‘லிட்டர்’ என்ற சொல்லைக் கண்டதும் சக்தி குறைந்த வண்டி எதுவென்று கண்டுகொள்வார்.